நாட்டின் வளர்ச்சியும் தீவின் பங்கும்

(இந்து வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே இளைஞர் தரப்பிலிருந்தும் ஒரு சொற்பொழிவு இடம்பெற வேண்டுமெனச் சங்கத்தார் விரும்பினர். பெரியோர் நிறைந்த அவையிற் சிறியோர் பேசுவது எளிதன்று. எனினும், குறை பொறுத்து நல்லதைக் கொள்ளும் அவை இஃது என்ற துணிவுடன் முன்வந்தோம். எடுத்துக்கொண்ட பொருள், வளர்முக நாடுகளிற் பொருளாதார வளர்ச்சியும் ஏற்றத்தாழ்வும் என்பதாகும். பெயரைக் கேட்டதும், இது பல்கலைக்கழக மண்டபத்திற் பேச வேண்டிய விடயம், ஊர்காவற்றுறையில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எமது எண்ணம் அதற்கு மாறானது. வளர்ச்சியின் நன்மையையும் அதன் பங்கீட்டிலுள்ள தீமையையும் எங்கள் தீவுகள் பலமுறை பட்டறிந்திருக்கின்றன.

முதலில் வளர்ச்சி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு நாட்டில் ஓராண்டிலே உற்பத்தியான பொருள்கள், சேவைகள் யாவற்றின் பெறுமதியையும் கூட்டி, மக்கள் தொகையாற் பிரித்தால் வருவது தலைக்குரிய வருமானம். அது ஏறினால் நாடு வளர்ந்தது என்கிறோம். கணக்குச் சரிதான். ஆனால், அக்கணக்கு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓர் ஒழுங்கையிலே பத்து வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது வீடுகளின் மாத வருமானம் தலா 30,000 ரூபா. பத்தாவது வீட்டின் வருமானம் 100,000 ரூபா. சராசரி 37,000 ரூபா. அடுத்த ஆண்டு பத்தாவது வீட்டின் வருமானம் மாத்திரம் 400,000 ரூபாவாகிறது. சராசரி 67,000 ரூபாவுக்கு ஏறிவிடும். ஒழுங்கை ஏறக்குறைய இரட்டித்து வளர்ந்தது என்று அறிக்கை எழுதலாம். ஆயினும், ஒன்பது வீட்டுப் பானையிலும் ஒரு பிடி அரிசி கூடவில்லை. பத்தாவது வீட்டார் வீடு கட்டும்போது மேசனுக்கும் தச்சனுக்கும் சில மாத வேலை கிடைக்கும், அது நன்மையே. ஆனால், அவர்கள் காணி வாங்கத் தொடங்கியதும் ஒரு பரப்புக் காணியின் விலை ஏறும். கல், மணல், சீமெந்து விலையும் ஏறும். வருமானம் ஏறாதவரும் ஏறிய விலையையே கொடுக்க வேண்டும். மகளுக்குச் சிறு துண்டுக் காணி வாங்க எண்ணியிருந்த ஏழைத் தந்தை, முன்னர் எட்டாத உயரத்திலிருந்த பொருள் இப்போது கண்ணுக்கும் தெரியாத உயரத்துக்குப் போய்விட்டதைக் காண்கிறார்.

இது வெறுங் கற்பனை அன்று. எமது நாட்டுத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016ஆம் ஆண்டு நடத்திய வீட்டு வருமான, செலவு ஆய்வைப் பாருங்கள். நாட்டிலுள்ள குடும்பங்களின் முழு வருமானத்தையும் நூறு ரூபாவாகக் கொண்டால், மேல்நிலையிலுள்ள ஐந்தில் ஒரு பகுதியினர் ஏறக்குறைய 51 ரூபாவைப் பெற்றனர். அடிநிலையிலுள்ள ஐந்தில் ஒரு பகுதியினருக்கு 5 ரூபாவும் முழுமையாகக் கிட்டவில்லை. அதே ஆய்வின்படி நாடு முழுவதிலும் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தோர் நூற்றுக்கு 4.1 பேர், கொழும்பு மாவட்டத்தில் ஒருவருக்குங் குறைவு, யாழ்ப்பாண மாவட்டத்தில் 7.7, கிளிநொச்சியில் 18.2. ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே ஆண்டு. ஆனால், கண்டி வீதியின் ஒரு முனையில் இருப்பவர் கண்ட வளர்ச்சியை மறு முனையில் இருப்பவர் காணவில்லை.

இதற்கு அறிஞர் என்ன விடை கூறினர்? அமெரிக்கப் பொருளியலறிஞர் சைமன் குஸ்நெற்சு 1955இல் வெளியான தம் உரையிலே ஒரு கருத்தை முன்வைத்தார். கமத்தொழிலை நம்பிய நாடு கைத்தொழிலுக்கு மாறும்போது முதலில் ஏற்றத்தாழ்வு கூடும். பின்னர், காலப்போக்கிற் குறையும் என்றார். அமெரிக்கா, இங்கிலாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளின் பழைய கணக்குகளே அவருக்கு ஆதாரம். ஆதாரம் சிறிது, ஊகமே பெரிது என்று அவரே ஒளியாது கூறினார். அவரைப் பின்பற்றியவர்களோ அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு, பொறுத்திருங்கள், செல்வம் மேலிருந்து கீழே தானாக வடியும் என்ற பாடத்தை மாத்திரம் பரப்பினர்.

தானாக வடிந்ததா? பிரேசில் நாடு 1968 முதல் 1973 வரை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தளவில் வளர்ந்தது. உலகம் அதை அற்புதம் என்றது. அந்நாட்டின் 1960ஆம், 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டவர்கள், வருமானம் முன்னிலும் அதிகமாகச் சிலர் கையிற் குவிந்ததைக் கண்டனர். மறுபுறம், தாய்வானும் தென் கொரியாவும் இரண்டாம் உலக யுத்தத்தை அடுத்த ஆண்டுகளிலே நிலச் சீர்திருத்தஞ் செய்து உழுதவனுக்குக் காணி கொடுத்தன. கிராமந்தோறும் பாடசாலை வைத்தன. அதன் பின்னரே வேகமாக வளர்ந்தன. அங்கு வளர்ச்சியின் பயன் பெரும்பாலான குடும்பங்களைச் சென்றடைந்தது. பாத்தி கட்டிய பின் தண்ணீர் இறைப்பவனுக்கும், தண்ணீரை இறைத்துவிட்டுப் பின்னர் பாத்தி கட்டலாம் என்றிருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. துலா மிதித்துத் தோட்டஞ் செய்த எங்கள் பாட்டனார்கள் இதைப் பொருளியல் படியாமலே அறிந்திருந்தார்கள்.

எமது நாட்டுக்கும் பாத்தி கட்டிய காலம் ஒன்று இருந்தது. 1931இல் ஆண், பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. வாக்கு வந்ததும் வாக்காளரின் தேவையை ஆட்சியாளர் கேட்க வேண்டியதாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அரசினர் வைத்தியசாலைகள் பெருகின, மலேரியா அடக்கப்பட்டது, பங்கீட்டு அரிசி குறைந்த விலையிற் கிடைத்தது. 1946இல் 43 வயதளவிலிருந்த சராசரி ஆயுள், 1963இல் 61 வயதைத் தாண்டியது. நாடு அக்காலத்திற் செல்வந்த நாடாக இருக்கவில்லை. வறிய நாடு ஒன்று, தன்னிடம் இருந்த சிறு பொருளைப் பொதுவான வாய்க்காலில் விட்டதனாற் பெற்ற பயன் இது. பிற்காலத்தில் அமர்த்தியா சென் போன்ற பேரறிஞர்களும் இலங்கையை எடுத்துக்காட்டாகக் கூறினர். கொழும்பிற் பிறந்த பிள்ளைக்கும் நெடுந்தீவிற் பிறந்த பிள்ளைக்கும் ஒரே பரீட்சைத் தாள் என்ற நிலை, செல்வத்தினால் வந்ததன்று, கொள்கையினால் வந்தது.

ஆயினும், பங்கிட்டால் மாத்திரம் போதும், வளர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. படித்த இளைஞருக்கு வேலை கொடுக்க முடியாத நாடாக இலங்கை நின்றதன் விளைவை 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் கண்டோம். எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர். அதே வேளையில் பாணுக்கும் சீலைத் துணிக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். 1977இல் கதவுகள் திறக்கப்பட்டன. பொருள்கள் வந்தன, தொழிற்சாலைகள் வந்தன, வளர்ச்சியும் வந்தது. ஏற்றத்தாழ்வும் கூடவே வந்ததை மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி அளவீடுகள் காட்டின. எங்கள் மிளகாய்த் தோட்டங்களுக்கோ அது சோதனைக் காலமாயிற்று. யுத்தம் 2009இல் முடிந்த பின், 2010 முதல் மூன்று ஆண்டுகள் நாடு ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டும் அதற்கு மேலுமாக வளர்ந்தது. 2019இல் உலக வங்கி இலங்கையை மேல்நடுத்தர வருமான நாடு என்றுகூட வகுத்தது. ஓராண்டு செல்வதற்குள் அப்பட்டம் கைநழுவியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு பொருளாதாரம் நூற்றுக்கு ஏழுக்கு மேற் சுருங்கியது.

சுருங்கியபோது யார் சுருங்கினர் என்பதே கேள்வி. 2021இல் நூற்றுக்கு 13 அளவிலிருந்த வறியோர் தொகை, 2022இல் 25 அளவுக்கு ஏறியதாக உலக வங்கி மதிப்பிட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெய் என்றால் நகரத்தவருக்கு அது ஒரு பழைய விளக்கின் ஞாபகம். எங்கள் துறையிலே வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுக்கு அதுவே சோறு. கடலுக்குப் போனாலும் நட்டம், போகாவிட்டாலும் பட்டினி என்று எத்தனையோ படகுகள் கரையிற் கிடந்தன. வளர்ந்த காலத்திற் கடைசியாகப் பங்கு பெற்றவரே, தேய்ந்த காலத்தில் முதலாவதாகப் பங்கு இழந்தவரும் ஆயினர். 2024இல் நாடு மீண்டும் நூற்றுக்கு ஐந்தளவில் வளர்ந்தது. கரையிற் கிடந்த குடும்பங்கள் அதே வேகத்தில் எழுந்தனவா என்பதை உங்கள் அயலைப் பார்த்து நீங்களே கூறலாம்.

இனி எங்கள் தீவுகளின் கதைக்கு வருவோம்.

நயினாதீவு ஸ்ரீ நாகபூஷணி அம்மன் கோயிலிலே ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனது அக்கல்வெட்டு, ஊராத்துறையைப் பற்றியது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து கூட வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால், நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தாற் பாதிக்குப் பாதி என்று விதிக்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையிற் பங்கீடு கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், எமக்குக் கிடைத்துள்ள பகுதியிலே இரண்டு பங்காளரே காணப்படுகின்றனர்: அரசன், கப்பலுக்கு உடையவன். நீரில் மூழ்கிச் சரக்கை மீட்டவனுக்கும், தோளிற் சுமந்து கரையேற்றியவனுக்கும் எத்தனை பங்கு என்று அதிற் காணோம்.

அன்றுதொட்டு மூன்று வளர்ச்சிகளை எங்கள் தீவுகள் கண்டன. முதலாவது, துறைமுக வளர்ச்சி. போர்த்துக்கேயர் இத்துறையை யானைத் துறை என்ற பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். கயிற்சு என்ற ஆங்கில வழக்கு அதிலிருந்து வந்ததே. ஒல்லாந்தர் காலத்திலும் துறை விளங்கியது. கடற்கோட்டை இன்றும் நடுக்கடலில் நின்று அதற்குச் சாட்சி சொல்கிறது. நீராவிக் கப்பலும் புகையிரதமும் வந்த பின் பாய்க்கப்பலின் காலம் மங்கியது; துறையின் காலமும் மங்கியது. இரண்டாவது, கடை வளர்ச்சி. தீவுப்பகுதி வாலிபர் கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் சென்று, கடைச் சிப்பந்தியாய்த் தொடங்கி முதலாளிமாராய் உயர்ந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரிற் கல்வீடுகளும் கோயில்களும் பாடசாலைகளும் எழுந்தன. 1958இலும் 1977இலும் 1983இலும் மூண்ட கலவரங்களில் அக்கடைகளிற் பல எரிந்தன. மூன்றாவது, வெளிநாட்டுப் பணத்தின் வளர்ச்சி. 1990, 1991ஆம் ஆண்டுகளின் யுத்தத்திலே தீவுகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து என்று போய்ச் சேர்ந்தனர். அவர்களுடைய உழைப்பின் ஒரு பகுதி இன்றும் ஊருக்கு வருகிறது.

இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. செல்வம் தீவுக்கு வெளியே உண்டாயிற்று; தீவுக்குள் வந்தது அதன் செலவு மாத்திரமே. கப்பல் போனதும், கடை எரிந்ததும், ஆள் போனதும், ஊரிற் செல்வத்தை உண்டாக்கும் பொருள் எதுவும் எஞ்சவில்லை. எஞ்சியவை சில பாடசாலைகளும் கிணறுகளும் வீதிகளுமே. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியை நினைத்துப் பாருங்கள். அதன் மேற் போகும் பஸ்வண்டி, ஏறுபவரின் சாதியையோ வருமானத்தையோ கேட்பதில்லை. பொதுவில் இட்ட முதல் அழியாமல் நிற்கிறது. தனியே இட்ட முதல் பூட்டிய கதவுக்குள் கறையானுக்கு இரையாகிறது.

இன்று எங்கள் ஊர்களில் இரண்டு வகைக் குடும்பங்கள் உண்டு. வெளிநாட்டில் ஆள் உள்ள குடும்பம், இல்லாத குடும்பம். இதைச் சொல்வது எவரையும் குறைகூறுவதற்காகவன்று. பனியிலும் குளிரிலும் இரண்டு வேலை செய்து பணம் அனுப்பும் அண்ணன்மாரின் பாடு எமக்குத் தெரியும். நாட்டுக்கு வரும் தொழிலாளர் பணம் 2022இல் 380 கோடி அமெரிக்க டொலர் அளவுக்கு வீழ்ந்தபோது நாடே ஆடிப்போனதென்றால், அவ்வுழைப்பின் பெறுமதி சொல்லாமலே விளங்கும். ஆனால், அந்த உழைப்பு ஊருக்குள் ஒரு புதிய மேட்டையும் பள்ளத்தையும் உண்டாக்கியிருக்கிறது என்பதையும் மறைக்க இயலாது. உயர்தர வகுப்புக்கு விஞ்ஞான, கணித ஆசிரியர் இல்லையென்றால், முதற் குடும்பத்துப் பிள்ளை யாழ்ப்பாண நகரிலே வாடகைக்குத் தங்கித் தனியார் கல்வி நிலையத்திற் படிக்கிறது. இரண்டாவது குடும்பத்துப் பிள்ளை பஸ்ஸுக்கும் படகுக்கும் பணம் இல்லாமற் பாடத்தை மாற்றிக்கொள்கிறது, அல்லது படிப்பையே நிறுத்திக் கடலுக்கோ கடைக்கோ போகிறது. கல்வி பெயரளவில் இலவசமே. ஆனால், பரீட்சையிற் சித்தியடைவதற்குத் தேவையான கல்வி விலைக்கு விற்கப்படுகிறது. 1945இல் எங்கள் பெரியோர் பெற்ற பெருஞ்செல்வம், ஒரு சட்டமும் மாறாமல், எங்கள் கண்முன்னே கைநழுவிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது கடல். கடல் எவருக்குஞ் சொந்தமில்லை. ஆதலால் எல்லோர்க்குஞ் சொந்தம் என்பதே எமது கரையோர வழக்கு. காணி இல்லாதவனுக்கும் கடல் உண்டு. அந்த நம்பிக்கையை இரண்டு வளர்ச்சிகள் அசைத்திருக்கின்றன. ஒன்று அக்கரையிலிருந்து வந்தது. 1952இல் ஒப்பந்தமாகி, கேரளக் கரையிலே கொல்லத்துக்கு அண்மையிலுள்ள நீண்டகரையில் ஆரம்பித்த இந்திய நோர்வே மீன்பிடித் திட்டத்தைத் தொடர்ந்து, இயந்திரப் படகும் இழுவை மடியும் தென்னிந்தியக் கரைகளிற் பரவின. இறால் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி பெருகியது. கட்டுமரக்காரர் கடலை இழந்து கலகஞ் செய்தனர். 1983இல் தமிழ்நாடு சட்டம் இயற்றிக் கரையை ஒட்டிய மூன்று கடல் மைலைச் சிறு தொழிலாளருக்கென ஒதுக்கியது. இழுவைப் படகுகளோ குறையவில்லை. தம் கடலின் வளம் வற்றியதும் பாக்கு நீரிணையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தன. வலையை இழந்த எங்கள் தொழிலாளியும், கடன்பட்டுப் படகில் ஏறும் அக்கரைத் தொழிலாளியும் தமிழரே. ஒரு தரப்பின் ஏற்றுமதி வளர்ச்சிக்குரிய கடன்சீட்டு, மறு தரப்பின் கிழிந்த வலையில் எழுதப்பட்டிருக்கிறது. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தாற் தடைசெய்தது. கடலில் அச்சட்டம் முழுமையாக நிறைவேறினாலன்றிச் சிறு தொழிலாளிக்குப் பயனில்லை.

மற்றது இக்கரையில் எழுந்தது. கடலட்டைக்கு அந்நிய நாடுகளில் நல்ல விலை. 2022 ஜூனில், யாழ்ப்பாணம் உட்பட நான்கு மாவட்டங்களிலே 5,000 ஏக்கரிற் கடலட்டைப் பண்ணை அமைக்கும் திட்டத்துக்கு அமைச்சரவை இணங்கியது. எங்கள் தீவுகளின் பரவைக் கடலிலும் கம்பு நட்டு வலை கட்டிய பண்ணைகள் எழுந்தன. டொலர் வருகிறது, சில உள்ளூர்த் தொழிலாளர் குடும்பங்கள் உயர்ந்தும் இருக்கின்றன. ஆனால், பரவைக் கடலென்பது படகில்லாதவனின் கடல். வீச்சுவலையோடு நடந்து இறங்குகிறவனும், இறால் தடவும் பெண்ணும் அங்கேதான் பிழைக்கின்றனர். அங்கு வேலி விழுந்தால் அவர்கள் எங்கே போவது? மீன்குஞ்சு வளரும் இடமும் வழிப்பாதையும் அடைபடுகின்றன என்று பூநகரிப் பக்கத்துத் தொழிலாளர் 2022இல் நாட்கணக்காகப் போராடினர். பண்ணை கூடாதென்று நாம் சொல்லவில்லை. எந்தக் கடலில், எத்தனை பரப்பில், யார் பெயரில் என்பதை அக்கடலில் நடந்து பிழைப்பவரைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்கிறோம். உரிமம் தனியாருக்குப் போகாமற் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால், அதே டொலர் அதே கடலிலிருந்து வரும். பல குடிசைகளில் இறங்கும்.

பெரியோர்களே, இதுவரை கொழும்பையும் டில்லியையும் பேசினோம். அது எளிது. எங்கள் வேலிக்குள் இருப்பதையும் பேச அனுமதி வேண்டுகிறோம். வளர்ச்சி எல்லோரையும் சேரவில்லை என்று கொழும்பைக் கேட்கும் நாம், எங்கள் ஊரில் எல்லோரையும் சேர விட்டோமா? மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு, ஒரே வாங்கில் எல்லோரும் இருப்பது பிறவிப் பழக்கம் போலத் தோன்றியது. 1930ஆம் ஆண்டை ஒட்டி அந்த வாங்குக்காக யாழ்ப்பாணத்திற் பெரும் பூசல் நடந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளை வாங்கிலே இருத்தியதற்கு எழுந்த எதிர்ப்பு அது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாசலிலே மக்கள் காத்து நின்றார்கள். இன்று வாசல்கள் பெரும்பாலும் திறந்துவிட்டன. காணி திறந்ததா? வெளிநாட்டிலுள்ளவர் காணி பற்றைமண்டிப் பூட்டிக் கிடக்க, தலைமுறை தலைமுறையாய்ப் பிறர் நிலத்தில் ஒதுங்கியிருந்தவர் இன்றும் ஒதுங்கியே இருக்கிறார். பனையில் ஏறியவன் பிள்ளை பல்கலைக்கழகம் ஏறியதைக் கண்டு மகிழ்கிறோம். அவன் ஏறியது இலவசக் கல்வியென்ற ஏணியினால். அந்த ஏணியின் படிகளே இப்போது ஒவ்வொன்றாய்க் கழன்று வருகின்றன.

என்ன செய்யலாம்? நாட்டின் வரிக் கொள்கையை இச்சங்கம் மாற்ற முடியாது. ஆனால், மூன்று காரியங்களை இச்சங்கம் செய்யலாம்.

முதலாவது, கணக்கெடுப்பு. சங்கத்து வாலிபர் இருவர் இருவராய்ப் பிரிந்து, ஓராண்டுக்குள் ஒவ்வொரு வீட்டு வாசலையும் மிதிக்க வேண்டும். பாடசாலையை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர், குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், தனியே குடும்பந் தாங்கும் தாய்மார் எத்தனை பேர், யாருக்குக் காணியில்லை என்பதை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். வறுமை எங்கே இருக்கிறதென்று கொழும்பு ஆய்வை நாம் ஏன் கேட்க வேண்டும்? எங்கள் கொப்பியே எங்களுக்குச் சொல்லும்.

இரண்டாவது, கல்வி நிதி. எங்கள் கோயில்கள் புதுப்பொலிவு பெறுவது கண்டு நாமும் மகிழ்பவர்களே. கோபுரம் எழ வேண்டும். தேர் ஓட வேண்டும். அன்னதானம் நடக்க வேண்டும். எமது வேண்டுகோள், ஒவ்வொரு திருவிழாவின் உபயத்திலும் ஒரு பங்கு ஊரின் கல்விக்கென எடுத்து வைக்கப்பட வேண்டும் என்பதே. இது புதுமையன்று, சைவப் பெரியோர் காட்டிய வழி. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்து போர்ட் இராசரத்தினம் அவர்களின் அயராத உழைப்பால் ஊரூராய்ப் பாடசாலைகளை எழுப்பியது. பிடியரிசி சேர்த்தும் பாடசாலை நடத்திய சமயம் எமது சமயம். ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு ஓர் ஆசிரியரைச் சம்பளம் கொடுத்து வைப்பதும், கடல் கடந்து படிக்க வரும் பிள்ளைக்குப் போக்குவரத்துப் பணம் கொடுப்பதும் திருவிழாவின் ஓர் அங்கமாகட்டும். உபயகாரர் பெயர் பலகையில் ஒருநாள் மங்கலாம். பிள்ளையின் நாவில் மங்காது.

மூன்றாவது, கூட்டுறவு. வலைக்கும் இயந்திரத்துக்கும் கடன் கொடுத்தவரே மீனின் விலையையும் தீர்மானிக்கும் வரை, கடல் எவ்வளவு கொடுத்தாலும் தொழிலாளி கடனாளியே. தொழிலாளர் தாமே கூடிச் சேமித்து, தாமே ஐஸ் வைத்து, தாமே விலை பேச வேண்டும். கணக்கு எழுதவும், கடிதம் எழுதவும், விலை விசாரிக்கவும் சங்கத்தின் படித்த வாலிபர் உதவலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் தரும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியுடன் ஒப்பந்தமாயிற்று. மின்சாரம் நிலையாக வந்தால் ஐஸ் வரும், மீன் பதனிடும் வேலை வரும். அவ்வேளையிற் கூட்டுறவு ஆயத்தமாக இருந்தால் அந்த வளர்ச்சி தீவுக்குள் தங்கும். ஆயத்தம் இல்லையென்றால், வெளியிலிருந்து ஒருவர் வந்து அதை எடுத்துப் போவார். எங்கள் பிள்ளைகள் அவரிடம் நாட்கூலிக்குப் போவார்கள்.

மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே என்பது எங்கள் மரபு. அக்காப்பியத்தில் ஆபுத்திரன் கதையை நீங்கள் அறிவீர்கள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. கப்பல் தவறி ஆளில்லாத மணிபல்லவத்திலே தனித்து விடப்பட்டான். உண்பதற்கு எவரும் இல்லாத இடத்தில் தன் ஒருவன் உயிரை மாத்திரம் வளர்க்க அப்பாத்திரம் எதற்கு என்று, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாது உயிர் நீத்தான். பின்னர் அப்பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தபோதே பலருடைய பசி தீர்ந்தது. பொருளியல் நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதை அக்கதை சுருங்கக் கூறுகிறது. நிறைந்த பாத்திரம் மாத்திரம் வளர்ச்சியாகாது. சுற்றிலும் மனிதர் இருக்க வேண்டும். அவர்கள் கைக்கு அது எட்ட வேண்டும்.

எங்கள் தீவுகளுக்குப் பாத்திரம் கிடைத்திருக்கிறது. மனிதர் குறைந்து வருகின்றனர். இருக்கிறவர்கள் இங்கேயே மதிப்போடு வாழலாம் என்ற நம்பிக்கையை உண்டாக்குவதே இவ்வாண்டு இச்சங்கத்தின் பணியாகட்டும். கணக்கெடுப்புக் கொப்பியின் முதற் பக்கத்தை எழுத வாலிபர் நாம் ஆயத்தமாக இருக்கிறோம். உபயத்தில் எத்தனை பங்கு என்பதைப் பெரியோர் கூடித் தீர்மானித்தருள வேண்டுகிறோம்.